நாலரை வாளி

சாவு வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை வேனிலிருந்து நாலு நாலாக இறக்கிக்கொண்டிருந்த தம்பிக்காரனின் பக்கத்தில் தலைமையாசிரியை வந்து நின்றார். "உக்காந்தபடியேதான் போனாங்க, ஒரு கஷ்டமும் படலை" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவன் கைப்பாரத்தைக் கீழே வைக்காமலே, எங்கே உட்கார்ந்தபடி என்று கேட்டான். தோட்டத்தில், வேலியோரம் போட்டிருந்த நாற்காலியில், பிள்ளைகளைப் பார்த்தபடி என்றார் அவர். தாம் நேரில் பார்க்கவில்லையாம், கணக்கு டீச்சர் சொன்னாராம்.

உட்கார்ந்துதான் போயிருக்கிறாள். நேற்று மாலையிலிருந்து முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது. அடுத்த நடை நாற்காலிகளைக் கொஞ்சம் லேசான மனசோடுதான் இறக்கினான். அதற்கடுத்த நடைக்குள் பள்ளிக்கூட வாட்ச்மேன் வந்துவிட்டார். டீச்சரை வண்டியில் தூக்கிப் போட்டது நான்தான் என்று ஆரம்பித்து, தகவல் கேட்டு ஓடியபோது நடைபாதையில் வாளி ஒன்று கிடந்தது, தடுக்கி விழப் பார்த்தேன், செருப்பெல்லாம் சேறு என்று முடித்தார். வந்த மூச்சு மறுபடியும் நின்றது.

செத்துப்போனது அவன் அக்கா. ஐம்பத்தோரு வயது, அறிவியல் டீச்சர். பள்ளிக்கூடம் விட்ட அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய மகள் விமானத்தில் வந்து இறங்க மாலை நாலு மணி ஆகும். அதுவரைக்கும் நடு அறையில் குளிர்பெட்டிக்குள் அக்கா கிடந்தாள், வாழ்நாளில் ஒருநாளும் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தறியாதவள்.

தம்பிக்காரன் பிளம்பர். ஊரில் பாதிப் பேர் முகம் கழுவுவது என் புண்ணியத்தில்தான் என்று பீற்றிக்கொள்வான். மூன்று மாதத்துக்கு முன்பு அக்கா, உடைந்த பெஞ்சுகளைக் கொட்டிவைத்திருந்த பள்ளியின் பின்பக்க நிலத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுத்தம் செய்தாள். வேரையும் இலையையும் படத்தில் பார்த்துப் பரீட்சை எழுதினது போதும், மண்ணில் பார்த்துப் படிக்கட்டும் என்றாள். ஆறு பாத்தி போட்டாள். தண்ணீர்தான் இல்லை. இருக்கிற ஒரே குழாய் முன்பக்கம், கை கழுவும் இடத்தில். அங்கிருந்து தோட்டத்துக்கு அறுபது எட்டு எடுத்து வைக்க வேண்டும்.

"ஒரு பைப் இழுத்துக் குடுடா, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள். அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தான், சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டான், அடுத்த ஞாயிறு வந்து முடித்துவிடுவதாகச் சொன்னான். அடுத்த ஞாயிறு யார் வீட்டிலோ மேல்தொட்டி ஒழுகியது. அதற்கடுத்த ஞாயிறு இவனுக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் ஒழுகலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, சும்மா படுத்துக் கிடந்தான். மற்றவர்கள் என்றால் வீட்டு வாசலில் வந்து கத்துவார்கள். இது அக்காதானே என்று ஒரு தைரியம். வாங்கிய பைப் அவன் கடைச் சுவரோரம் சாத்தியபடி மூன்று மாதமாக நின்றது.

ஆகவே அவனுக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாகிறபோது அக்காவின் கையில் வாளி இருந்ததா, இல்லையா?

கணக்கு டீச்சரைத் தேடிப் பிடித்தான். அவர் அழுது முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நாற்காலி விஷயம் தமக்குத் தெரியவே தெரியாது என்றார், தலைமையாசிரியை சொல்லித்தான் தாமே கேள்விப்பட்டதாகச் சொன்னார். தமக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று மணிக்கு இரண்டு பேரும் ஆசிரியர் அறையில் டீ குடித்ததும், நெஞ்சு எரிகிறது, வாய்வாக இருக்கும் என்று அவள் சொன்னதும்தான். தம்பிக்காரனுக்குத் தலை சுற்றியது. அவர் இவரைக் கைகாட்டுகிறார், இவர் அவரைக் கைகாட்டுகிறார், நடுவில் அந்த நாற்காலி அந்தரத்தில் நிற்கிறது. இது போதாதென்று, டாக்டர் சொன்னதை ஒரு சித்தப்பா எல்லோரிடமும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். இந்த மாரடைப்பு தூக்கத்தில்கூட வந்திருக்கும், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சொல்லிவிட்டு, "ஆனா கனம் மட்டும் தூக்கியிருக்கக் கூடாது" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

அவன் உள்ளே போய் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று பார்த்தான். அக்காவின் புருஷன் அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து துழாவிக்கொண்டிருந்தார். "மாப்ளே, அவ கண்ணாடியக் காணோம்" என்றார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. அவர் முகத்தைப் பார்த்ததும் இவனும் பக்கத்தில் குந்தி, இல்லாத கண்ணாடியைக் கொஞ்ச நேரம் தேடினான். எனக்கென்ன தெரிய வேண்டும், எதற்காகத் தெரிய வேண்டும், தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மண்டையைக் குடைந்தது. எழுந்து செருப்பை மாட்டினான்.

மதியம் ஒன்றரை மணிக்கு அவனுடைய மூன்று சக்கர வண்டி, பைப்புகளைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுத் தெருவைத்தான் கடந்து போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். கூடப் பிறந்தவள் அங்கே கிடக்கிறாள், இவனுக்கு இன்றைக்கும் தொழில் கேட்கிறதா என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். அவன் காதில் விழாதவன் மாதிரி வண்டியை ஓட்டினான்.

பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆனாலும் பின்பக்கம் வீட்டு உடையில் மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு இன்றைக்குத் தண்ணீர் முறை. டீச்சர் இல்லை என்பதற்காகச் செடி பட்டினி கிடக்குமா என்று அதில் ஒருத்தி இவனையே கேட்டாள். மோவாயில் மை அப்பியிருந்தது. இவன் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவன் எதிர்பார்க்காதது அந்தப் பள்ளம். சுண்ணாம்புக் கோடு போட்ட இடம் நெடுக, கை கழுவும் இடத்திலிருந்து கடைசிப் பாத்தி வரை, முழங்கை ஆழத்துக்கு நேர்க்கோடாகத் தோண்டியிருந்தது. அவன் கோடு போட்டுவிட்டுப் போன அந்த வாரமே வகுப்பு முழுக்கத் தோண்டினார்களாம். மழையில் இரண்டு தடவை மூடிக்கொண்டது, இரண்டு தடவையும் மறுபடி தோண்டினார்கள். அக்கா இதை அவனிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் மறுநாளே ஓடி வந்திருப்பானே, பிள்ளைகளைக் காக்கவைக்கிறோம் என்று வெட்கப்பட்டாவது வந்திருப்பானே. ஏன் சொல்லவில்லை? அவன் பள்ளத்தில் இறங்கி நின்று யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

கேட்க வந்ததைக் கேட்காமல் வேலையில் இறங்கினான். பிளேடால் அறுத்து, முனையைத் தேய்த்து, பசை தடவி, பைப்போடு பைப்பைச் செருகிக்கொண்டே போனான். பிள்ளைகள் பின்னாலேயே மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தார்கள். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதுதான் அவனை வாட்டியது. பெரிய வேலையாக இருந்திருக்கக் கூடாதா?

பசை காயட்டும் என்று வேலியோர நாற்காலியைப் பார்த்தான். உட்காரத் தைரியம் வரவில்லை, தரையில் உட்கார்ந்தான். மை அப்பியவள் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தோட்ட நோட்டு. முதல் பக்கத்தில் அக்காவின் உருண்டை எழுத்தில் பெரிதாக, 'குழாய்க்கு முன்'. கீழே கட்டம் போட்டு, தேதி, தண்ணீர் சுமந்தவர், எத்தனை வாளி, செடியின் உயரம். பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் எழுத்து. பாதியில் ஒரு தாளை மடித்து வைத்து, 'குழாய்க்குப் பின்' என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் கட்டம் மட்டும்தான்.

குழாய் வருவதற்கு முன்பு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, வந்த பிறகு எவ்வளவு வீணாகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பாடம் என்று அந்தப் பெண் விளக்கினாள். போன வாரம் அக்கா போனில் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. "அவசரமில்லடா, நீ மெதுவா வந்தாத்தான் எனக்கு நல்லது." குத்திக்காட்டுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தான். இப்போது அது குத்தலா, நிஜமா என்று தெரியவில்லை. அவனுக்காகக் காத்திருந்தாளா? அவன் சோம்பேறித்தனத்தையும் ஒரு பாடமாக்கிக்கொண்டு, அவனை மன்னித்துவிட்டாளா? யாரிடம் கேட்பது?

விரல் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. நேற்றைய தேதி. சுமந்தவர் என்ற இடத்தில் 'டீச்சர்'. வாளி என்ற இடத்தில் 'நாலரை'.

"இது என்னம்மா அரை?"

"அஞ்சாவது வாளியப் பாதி வழியில கீழ வச்சுட்டாங்க அங்கிள். மூச்சு வாங்குது, நீ கொண்டு போன்னு சொல்லிட்டு அந்த நாற்காலியில போய் உக்காந்தாங்க. மிச்சத்த நான்தான் ஊத்தினேன்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதனால அவங்களுக்கு அரை, எனக்கு அரை. ஊத்திட்டுத் திரும்பி வர்றப்பதான் அவங்க ஒரு மாதிரி சாஞ்சாங்க. நான் வாளியப் போட்டுட்டு ஓடினேன்."

ஆக, நாற்காலியும் உண்மை. வாளியும் உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் காலையில் இருந்த குழப்பம் ஒரு இழைகூடப் பிரியவில்லை. நாலரை வாளியா அவளைக் கொண்டுபோனது? நெஞ்செரிச்சல் மூன்று மணிக்கே வந்திருக்கிறதே. தூக்கத்தில்கூட வந்திருக்கும் என்றாரே டாக்டர். அவன் நோட்டை மூடி, அவள் கையில் கொடுத்தான். அவளிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போல இருந்தது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாததைப் பார்த்திருக்கிறாள். "நீ சரியாத்தான் எழுதியிருக்கே" என்று மட்டும் சொன்னான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாமாதான். மகள் வந்துவிட்டாளாம், எல்லோரும் உனக்காகத்தான் நிற்கிறோம் என்றார். எங்கே போனாய், ஏன் போனாய் என்று கேட்கவில்லை. இதோ வருகிறேன் என்றான்.

எழுந்து முன்பக்கம் போய் வால்வைத் திறந்துவிட்டு, பாத்திக்குத் திரும்பி வந்து புதுக் குழாயைத் திருகினான். முதலில் வெறும் காற்று சீறியது. அப்புறம் பிளாஸ்டிக் தூளோடு கொஞ்சம் கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர் மண்ணைக் குழித்துக்கொண்டு விழுந்தது. பிள்ளைகள் கைதட்டவில்லை. மை அப்பியவள் நோட்டை விரித்து, மடித்து வைத்த தாளைப் புரட்டி, மணி என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டாள். இலைகள் நனைந்தன. தண்ணீர் பாத்தியை நிரப்பிக் கரையைத் தொட்டது.

"போதும் அங்கிள். இதுக்கு ரெண்டு வாளி அளவுதான். வேர் அழுகிடும்."

சரி என்று தலையாட்டினான். குழாயின் தலைமேல் அவன் கை இருந்தது. மூடுவதற்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நினைவு வரவில்லை. ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தான். தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது.