மகாராணியின் பேரன்கள்

காலையில் பல் விளக்கப் போனவன், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே எறும்புப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால், வழக்கமான கறுப்பு எறும்புகளுக்கு நடுவே இறக்கை வைத்த எறும்புகள். ஒன்றல்ல இரண்டல்ல, இருபதுக்குக் குறையாது. மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உயிர் போன கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். எறும்புகள் அவளுடையவை. பதினோரு வருடத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு சாயங்காலம், பிறந்த பெண்குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருவரும் வீட்டுப் படியேறினார்கள். மூன்றாவது படியில், இறக்கையை உதிர்த்துவிட்டு, கூடு வைக்க இடம் தேடி அலைந்துகொண்டிருந்தது ஒரு பெரிய எறும்பு. மனைவி குனிந்தாள். மாத்திரைப் பாட்டிலைத் திறந்து, மாத்திரைகளைக் கைப்பையில் கொட்டிவிட்டு, எறும்பை உள்ளே விட்டாள்.

"இவளாவது பெத்து வளர்க்கட்டும்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. எறும்பு மட்டும் குறையில்லாமல் பெற்று வளர்த்தது. அதற்கு மகாராணி என்று பெயராயிற்று. பாட்டிலிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குக் குடிபோனது. காலிப் பாட்டில் அலமாரியில் ஏறி உட்கார்ந்தது.

இந்தக் கோடையில் அக்காவுக்கு ஆபரேஷன் என்று மனைவி மூன்று மாதம் போய்விட்டாள். தேன்தண்ணீர் எப்போது, செத்த ஈ எப்போது என்று ஒன்று விடாமல் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனாள். வெயிலைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவள் போன பத்தாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர் ஃபிரிட்ஜுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் அந்த மகானுபாவன், பாவம், இதுகளும் புழுங்குமே என்று பெட்டியைத் தூக்கி, தான் சரிசெய்து வைத்திருந்த ஒரு ஃபிரிட்ஜுக்குள் வைத்தான். பத்து நிமிடம் என்றுதான் நினைத்தான். அதற்குள் ஒருவர் வந்து தன் கடையில் ஃபிரீசர் நின்றுவிட்டது என்று கையோடு அழைத்துப் போனார். திரும்பிவரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் சரிசெய்த ஃபிரிட்ஜ் ஒன்றுகூட அதற்குமுன் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

வெளியே எடுத்து வைத்ததும் பாதி எறும்புகள் மெல்ல எழுந்தன. மகாராணியைச் சூழ்ந்துகொண்டு நக்கிக் கொடுத்தன. பிழைத்துக்கொண்டாள் என்று மூச்சு விட்டான். ஐந்து நாள் கழித்து அவளைக் குப்பை மூலைக்கு இழுத்துப் போட்டபோதுதான், இத்தனை நாளும் அவை சீராட்டியது செத்துப்போன அம்மாவை என்று புரிந்தது. மெக்கானிக் தரையில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, மகாராணியை அதில் வைத்து, பால்கனிப் பூத்தொட்டியில் புதைத்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை.

மனைவி திரும்பி வந்து மூன்று வாரமாகிறது.

"மகாராணி எங்க, கண்ணுலயே படல?" என்று வந்த அன்றே கேட்டாள்.

"உள்ளதான் இருக்கா. வெட்கப்படுறா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து டீ சர்க்கரை இல்லாமல் வந்தது. சர்க்கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று, கஷாயம் குடிப்பதுபோல் மூச்சைப் பிடித்துக் குடித்து வைத்தான்.

இப்போது இறக்கைகள்! படியில் கிடைத்தவளும் ஒரு காலத்தில் இறக்கையோடு பறந்தவள்தானே? ஒருத்தி போனால் என்ன, இருபது பேர் வந்துவிட்டார்கள். இனி எதையும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏம்மா, ஓடி வா! புது ராணிங்க வந்துருக்காங்க!" என்று நுரை தெறிக்கக் கத்தினான்.

அவள் கடையில் வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியோடு வந்தாள். குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"ராணி இல்லைங்க. எல்லாம் ஆம்பளைங்க."

"எல்லாமா?"

"எல்லாமும்தான். தலை எத்தனூண்டு இருக்கு பாருங்க. உடம்பும் ஒல்லி." நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "ராணி இல்லாத கூட்டுல வேலைக்காரிங்களே முட்டை போடுவாங்க. அதுல ஆம்பளை மட்டும்தான் பொறக்கும்."

அவன் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கினான். திருதிருவென்று விழித்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, ஃபிரிட்ஜிலிருந்து பூத்தொட்டிவரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"வந்த அன்னிக்கே பாத்தேன், அலமாரியில பாட்டில் இல்ல. மறுநாள் செடிக்குத் தண்ணி ஊத்துறப்ப மூடி வெளிய தெரிஞ்சுது. திரும்ப மண்ணப் போட்டு மூடிட்டேன்." பூதக்கண்ணாடியைப் பெட்டிமேல் வைத்தாள். "முதல்ல உங்க மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல. அந்தப் பாட்டிலப் பாத்ததும் கோபம் போயிடுச்சு. ஆனா நீங்களா சொல்லணும்னு இருந்தேன். டீயில சர்க்கரை போடலையே, அதையாவது ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். அதுவும் கேக்கல."

"பயமா இருந்துச்சும்மா."

"குழந்தை போனப்பவும் இப்படித்தான். நீங்களும் பேசல, நானும் பேசல. பதினோரு வருஷம் ஓடிடுச்சு. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து மழை பெய்து ஓய்ந்தது. காற்றே இல்லாத சாயங்காலம். தெருவோர மரங்களின் அடியிலிருந்து அதே இனத்து எறும்புகள் இறக்கையோடு எழும்பிக்கொண்டிருந்தன. மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"பூத்தொட்டிய நீங்க தூக்கிட்டு வாங்க" என்றாள். "அவளும் இருக்கட்டும்."

நான்கு மாடி. மெக்கானிக் முதுகு ஒடிய ஒடியத் தூக்கினான், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

மொட்டைமாடிச் சுவர்மேல் தொட்டியை வைத்துவிட்டு, பெட்டியின் மூடியைத் திறந்ததும் ஆண் எறும்புகள் விளிம்புக்கு ஏறின. ஒன்று பறந்தது. அப்புறம் ஐந்தாறு சேர்ந்தாற்போல் பறந்தன.

"எத்தனை நாள் இருப்பானுங்க?"

"ஒரு நாள், ரெண்டு நாள். அதுக்குள்ள எவனாவது ஒருத்தன் வெளிய ஒரு பொண்ணப் பாத்துட்டாப் போதும். மகாராணி வம்சம் எங்கயோ ஒரு கூட்டுல இருக்கும். இவனுங்க அவளுக்குப் பேரங்க இல்லையா?"

கடைசியாக ஒருத்தன் மட்டும் பறக்காமல் அவள் மணிக்கட்டில் ஏறி நின்றான்.

"இவன் என்ன மாதிரி. வாயும் திறக்க மாட்டான், இறக்கையும் திறக்க மாட்டான்" என்றான் மெக்கானிக்.

அவள் சிரித்தாள். எறும்பு எழும்பிப் போயிற்று. அது கண்ணுக்குத் தெரிகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியில் மிச்சமிருந்த வேலைக்கார எறும்புகள், ஒன்றுமே நடக்காததுபோல் தேன்தண்ணீரைத் தேடிப் போய்விட்டன.

மெக்கானிக் பெட்டியை மூடினான்.

"இருந்திருந்தா இப்ப ஆறாம் கிளாஸ் படிச்சுட்டு இருப்பா."

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. பூத்தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கணக்கு சுத்தமா வராது, என்ன மாதிரி" என்றான் அவன். "கண்ணு மட்டும் உன்ன மாதிரி."

"ம்" என்றாள் அவள். "இன்னும் சொல்லுங்க."