பச்சையில் நின்ற பீப்பாய்

1984ஆம் வருடக் கோடையில், தோஹா தொழில்பேட்டையில் நின்றுபோன லாரிகளை உடையப்பன் வெறுங்கையால் ஸ்டார்ட் செய்து கொடுத்துவந்தார். வலது கை பிளஸ், இடது கை மைனஸ். இரண்டையும் லாரியின் பேட்டரி முனைகளில் வைத்துவிட்டால், டிரைவர் சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. காரேஜ் போர்மேன் சுஐபு தினமும் காலையில் அவருடைய உள்ளங்கைகளில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பார். பன்னிரண்டுக்குக் குறைந்ததில்லை. அந்த வருடம் வெயில் வழக்கம்போலத்தான் இருந்தது. தக்காளி விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

எல்லாம் கேம்ப் ரூமில் கட்டிலுக்குப் பின்னால் இருந்த நீலப் பீப்பாயில் ஆரம்பித்தது. உடையப்பன் சிவகங்கைப் பக்கத்துக்காரர், காரேஜில் பேட்டரி வேலை பார்த்தார். அதே ரூமில் இருந்த ஆனந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர்கீப்பர். கடையில் விற்கும் போதையில்லாத மால்ட் பானத்தில் சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டும் போட்டு மூடிவைத்தால் பீர் ஆகிவிடும் என்று சொன்னவர் அவர்தான். அதற்கு ஒரு கண்ணாடி மிதவை வேண்டும் என்றும் அவரே சொன்னார். சர்க்கரை கரைந்ததும் பானம் கனத்து மிதவை உயரும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன மிதவை தாழும். தாழ்ந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் குடிக்கலாம். சாராயம் கூடாத ஊரில் அந்த மிதவையை எந்தக் கடையில் போய்க் கேட்பது? உடையப்பன் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பேட்டரி அசிட்டை உறிஞ்சிப் பார்க்கிற கண்ணாடிக் குழாய். உச்சியில் ரப்பர் குமிழ், உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை பூசிய குட்டி மிதவை. சிவப்பு என்றால் பேட்டரி செத்தது. பச்சை என்றால் முழு சார்ஜ். சோப்புப் போட்டுக் கழுவி, பீப்பாயில் விட்டு உறிஞ்சினார். மிதவை சிவப்பில் போய் உட்கார்ந்தது.

அளவு சரியாகத்தான் போட்டோம் என்றார் ஆனந்தராசா. உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "எங்கைக்கு வந்தது எதுவும் செவப்புல நின்னதில்ல ராசாண்ணே" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையைக் கொட்டினார். மிதவை வெள்ளைக்கு வந்தது. இன்னும் கொட்டினார். பச்சைக்கு வந்ததும் மூடினார். அதன்பிறகு மிதவை அசையவே இல்லை. குமிழி ஒட்டியிருக்கும் என்று குழாயைத் தட்டிப் பார்த்தார்கள். அடியில் சர்க்கரை தங்கியிருக்கும் என்று துடுப்புப் போட்டுக் கலக்கினார்கள். சூடு அதிகம் என்று ஈரச்சாக்கைச் சுற்றினார்கள். புது ஈஸ்ட்டும் போட்டார்கள். பாகுக்குள் விழுந்த ஈஸ்ட் அப்படியே செத்தது. ருசி பார்த்தவர்கள் துப்பினார்கள். உடையப்பன் மட்டும், தான் சார்ஜ் ஏற்றியதைக் கொட்ட மனம் வராமல், தினம் ஒரு டம்ளர் குடித்தார். ஒரு காலையில் சக்கரம் மாற்ற வந்த லாரியின் பேட்டரியில் தற்செயலாக இரண்டு கையும் பட்டு, அது உறுமிக்கொண்டு கிளம்பியது.

சல்வா ரோட்டிலிருந்துகூட வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீல் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். லீவ் என்றதும் மட்டும், சிரித்த முகத்தோடு "மாஃபி", கிடையாது என்றார். சார்ஜ் இறங்கட்டும், அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் தருகிறேன் என்றார். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து மனைவி வடிவு பேசி அனுப்பிய கேசட் வந்தது. "ஏங்க, நீலாவுக்கு மூணு வயசாகப் போகுது, இன்னும் காது மூளியாத் திரியுறா. அவுக அப்பா வந்து பாக்கத்தேன் காது குத்துவேன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்புட்டேன். என்னையப் பொய்க்காரியாக்கிறாதீக. அப்புறம், ஒங்க கேசட்டுல வண்டு எரையுற மாதிரி கேக்குதே, ரூமுல வண்டு இருக்கா?"

நீலாவை உடையப்பன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அன்றோடு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். ஆனாலும் வோல்ட் இறங்கவில்லை. பீப்பாய் பச்சையில் நிற்கும்வரை அவரும் பச்சையில்தான் நிற்பார் என்பது கேம்ப் முழுக்கப் புரிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை ஆனந்தராசா ஒரு கிளாஸ் தண்ணீரோடு கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். இது வெறும் தண்ணி. மிதவை எங்க நிக்குது?"

"செவப்புல."

"இது கடைப் போத்தல். இப்பதான் உடைச்சனான்."

"அதுவும் செவப்புதேன்."

"குடிக்கிற சாமான் எதை விட்டாலும் இது சிவப்புத்தான் காட்டும் ஐசே. இது தண்ணியவிடக் கனமான அசிட்டுக்குச் செய்த மீற்றர்."

"அப்ப மொத நாளே நம்ம சரக்கு சரியாத்தேன் இருந்துச்சா?"

"ஓம். உம்மட பேட்டரி மூளைதான் கெடுத்தது."

"மீட்டரு வேணும்னு சொன்ன மூளை யாருதுண்ணே?"

பாகை நான்கு பீப்பாய்களில் பங்கிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். உடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிதவை சிவப்புக்கு இறங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை. புது ஈஸ்ட் விழுந்ததும் நான்கும் நுரைத்துப் பொங்கின. அசிட் மீட்டரால் இனிப் பயனில்லை. உடையப்பனே மீட்டர் ஆனார். காலையில் சுஐபு அவர் உள்ளங்கையைப் பார்த்து "ஒம்பது" என்று சத்தம்போட்டால், ஈஸ்ட் நன்றாகத் தின்கிறது என்று ரூமில் தெரிந்துகொண்டார்கள். ஏழு ஆனது. நாலு ஆனது. கடைசியில் ஒன்றரையில் வந்து நின்று, மறுநாளும் ஒன்றரையிலேயே நின்றது. பூஜ்யத்துக்கு வராதா என்று உடையப்பன் பயந்துபோய்க் கேட்டார். எந்த பீரும் அடியோடு இறங்காது, கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும் என்றார் ஆனந்தராசா. பீப்பாய்களைத் திறந்தார்கள். நன்றாக இருந்தது. குடித்தவர்களுக்குப் போதை ஏறியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. ஒன்றரை வோல்ட்டில் ஸ்கூட்டர்கூடக் கிளம்பாது என்பதால் கஃபீல் "கலாஸ்", முடிந்தது என்று பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்.

காது குத்திய அன்று ஊரில் நல்ல மழை. பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது, கரண்டும் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த நீலாவின் காதில் மஞ்சள் பொட்டு வைத்த இடம் ஆசாரிக்குத் தெரியவில்லை. உடையப்பன் டார்ச்சிலிருந்து பல்பைக் கழற்றி, இரண்டு கை விரல்களுக்கும் நடுவே பிடித்துக் காட்டினார். அது எரிந்தது. அழ ஆரம்பித்திருந்த பிள்ளை அதைப் பார்த்து வாயை மூடியது. வடிவு அவர் கையருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டாள். "அந்த வண்டுதேன்" என்றாள்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காதுப் பக்கம் கொஞ்சம் நகத்திப் பிடிங்க" என்றார்.