க்ளீன்: அட்ஜெக்டிவா, வெர்ப்பா?

சலவை ஆலையில் எனக்கு 'கிராமர்' என்று பட்டம். சூப்பர்வைசர் எழுதி ஒட்டிய நோட்டீஸில் விட்டுப்போன ஓர் 'எஸ்'ஸை நான் சேர்த்துவிட்ட நாளில் கிடைத்தது. அதற்குப் பிறகு சம்பளம் ஏறவில்லை.

மூன்றாம் தொட்டி இரண்டு ஆள் உயரம். அதற்குள் கொதிநீர் விடும் வால்வு என் பொறுப்பு. அன்று காலை வேலைக்கு வந்தபோது வால்வின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: க்ளீன். கையெழுத்து என் மச்சினனுடையது. தொட்டி கழுவுவது அவன் வேலை.

"அதான் க்ளீன்னு போட்டிருக்கானே, தண்ணிய விடுய்யா," என்றார் சூப்பர்வைசர். "ஆஸ்பத்திரி துணி லாரி வாசல்ல நிக்குது."

கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றது.

"சார், இது அட்ஜெக்டிவா, வெர்ப்பா?"

"என்னது?"

"'சுத்தமா இருக்கு'ன்னா அட்ஜெக்டிவ். தண்ணி விடலாம். 'சுத்தம் செய்'னா வெர்ப். அப்ப உள்ள ஆளு இருக்கலாம்."

"காலங்காத்தால பாடம் எடுக்காத."

பள்ளியில் ஒரு குறுக்குவழி சொல்லித் தந்திருந்தார்கள். முன்னால் 'வெரி' போட்டுப் பார், பொருந்தினால் அட்ஜெக்டிவ்; 'டோன்ட்' போட்டுப் பார், பொருந்தினால் வெர்ப். போட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன சொல் இரண்டுக்கும் தலையாட்டியது. வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாமென்றால், அது நின்றது வாக்கியத்தில் அல்ல, கயிற்றில்.

மச்சினனுக்கு போன் அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. தொட்டியைத் தட்டினேன். இயந்திர இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

"அவன் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பான்யா."

"ஏறிப் பார்த்துட்டு வந்துடறேன் சார்."

"உன் முட்டிய வச்சுக்கிட்டு நீ ஏறி இறங்கறதுக்குள்ள லாரி போயிடும். நீ திறக்கறியா, நான் திறக்கட்டுமா? நான் திறந்தா நாளைக்கு இந்த வால்வுக்கு வேற ஆளு."

சொல்லிக்கொண்டே கைப்பிடியில் கை வைத்துவிட்டார். அது ஒற்றை ஆணியில் நிற்கும் கைப்பிடி. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஆணியைப் பிடுங்கினேன், அவர் கையிலிருந்து கைப்பிடியை உருவினேன், அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"யோவ்! கைப்பிடியக் குடுய்யா!" இரண்டு படி தாண்டியதும், "டேய், குடுடா!" அதற்கு மேல் வந்தவை அச்சுக்கு ஆகாது.

உள்ளே யாரும் இல்லையென்றால் வேலை போகும், ஆலை முழுக்கச் சிரிக்கும். போகட்டும், சிரிக்கட்டும் என்று முட்டியையும் கடவுளையும் மாறி மாறிக் கெஞ்சினேன். என் மனைவிக்கு இருப்பது ஒரே தம்பி.

மூடி பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு டார்ச் வெளிச்சம். அதன் பக்கத்தில் மச்சினன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கத்தினேன். கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை அவன் முதுகில் எறிந்தேன்.

நிமிர்ந்து சிரித்தான். "என்ன மாமா, டீ வந்துருச்சா?"

"அட்டையில என்னடா எழுதி வச்சிருக்க?"

"க்ளீன் பண்றேன்னு."

"க்ளீன் இருக்கு. 'பண்றேன்' எங்கடா?"

கொஞ்சம் யோசித்தான். "'பண்றேன்'னுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல மாமா. அதான் விட்டுட்டேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது.

"என்னடா, க்ளீனா இருக்கா?" கீழேயிருந்து சூப்பர்வைசர்.

"ஆளு இருக்கு சார்!"

குனிந்து பார்த்தால், மனிதர் சோப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்திருந்த கையை மற்றொரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

மச்சினன் உள் ஏணியில் மேலே வந்தான். "மாமா, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நீ முதல்ல வெளிய வாடா."

கையைப் பிடித்துத் தூக்கினேன். வெளியே வந்து என் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தான்.

"மாமா."

"என்னடா?"

"கைய விடுங்க, வலிக்குது."