கிணற்றுக்குள் போன பத்திரம்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ரமலானுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது, என் மனைவி நாஸ்நீன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து வந்து, "என்னங்க, உருதுல என்னமோ கிறுக்கியிருக்கு, பாருங்க" என்றாள். நான் எங்கே பார்ப்பது? ஆங்கிலப் பள்ளியில் படித்த துரை நான். குர்ஆன் ஓதுவேன், உருதுவில் சண்டையும் போடுவேன். பழைய குமாஸ்தாக்களின் கையெழுத்து மட்டும் சுத்தமாக ஓடாது. மேலே பிஸ்மில்லா தெரிந்தது. "அல்லாஹ் பேரு இருக்குடி, குப்பையில போட்டுடாதே. பள்ளிவாசல்ல பழைய ஓதுற காகிதம் போடுற பெட்டியில போட்டுட்டு வா" என்றேன். எங்கள் கடைத்தெருவில் எல்லாரும் செய்வதுதான். பெட்டி நிறைந்ததும், பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் மூட்டை கட்டி தர்கா கிணற்றில் இறக்கிவிடுவார். அங்கே யார் காலும் படாது.

இப்போது சார்மினாருக்குப் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்களாம். நிஜாம் காலத்துப் பத்திரம் இல்லாத கடையெல்லாம் ஆக்கிரமிப்பாம். எதிர்வரிசை செவ்வாய்க்கிழமையே தரைமட்டம். இன்று காலை அதிகாரி வந்து, "மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் உங்க கடைதான். காகிதம் இருந்தா காட்டுங்க" என்றார். கீழே மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் ஷெர்வானிகள். மேலே நாங்களும் மூன்று பெண்களும். அது போனால் எங்களுக்கு நடுத்தெருதான்.

பக்கத்துக் கடைக்காரர் அதிகாரியிடம் தன் பத்திரத்தை நீட்டினார். அதிலிருந்த பச்சை முத்திரையைப் பார்த்ததும் நாஸ்நீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இதே மாதிரி ஒண்ணத்தானேங்க பெட்டியில போட்டேன்!"

தர்காவுக்கு ஓடினேன். மோதினார் வஜாஹத் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

"போன வாரமே இறக்கிட்டேனே மியா."

"கயிறு கொடுங்க ஹஜ்ரத், நான் இறங்குறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? உள்ளே பூரா அல்லாஹ் பேரு. எது மேல நிப்பே?"

"எம் பொண்ணுங்க எங்கே போய் நிப்பாங்க? அதச் சொல்லுங்க!"

அவர் எழுந்து கயிற்றை எடுத்து வந்தார். பிறகு, "கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு இறங்கு" என்றார்.

கோடையில் கிணறு வற்றிக் கிடந்தது. கயிற்றின் நுனியில் தொங்கியபடி காலை எங்கே வைப்பதென்று தேடினேன். ஒரு சாண் இடம்கூட இல்லை. "யா அல்லாஹ், என்னை மன்னிச்சுடு" என்று வாய்விட்டு அழுதுகொண்டே காலை வைத்தேன். முழங்கால் வரை காகிதம். என் பாதம் எதன்மேல் படுகிறதோ என்று உடம்பெல்லாம் கூசியது.

மூட்டைகளைக் கிழித்து, பச்சை முத்திரை போட்டதையெல்லாம் வாளியில் போட்டேன். மோதினார் மேலே இழுத்துப் படித்தார்.

"கடை பதினொண்ணு!"

லத்தீபுல்லாவின் கடை. காகிதமே இல்லையென்று செவ்வாய்க்கிழமை மண்ணில் புரண்டு அழுதவர்.

"கடை பதினாலு! கடை ஒன்பது!"

அவையும் இடித்தாகிவிட்டன. எல்லாரும் என்னைப் போலவே பயபக்தியாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பாவிகளா, ஒருத்தராவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாதா!

"என்னோடது இருபத்திரண்டு ஹஜ்ரத்! இருபத்திரண்டு!"

வாளி போனது, வந்தது. நான்கு முறை, ஐந்து முறை. என் எண் வரவில்லை. பிறகு வாளி வரவில்லை. அவர் குரல்தான் வந்தது.

"மியா, பாங்கு சொல்ற நேரம் ஆச்சு."

"இன்னும் ஒரே ஒரு வாளி! உங்க கால்ல விழறேன்!"

"நான் சொல்லலேன்னா யாருப்பா சொல்லுவா? தொழுதுட்டு ஓடி வந்துடறேன்."

"தொழுது முடிச்சா இடிச்சுடுவானுங்களே ஹஜ்ரத்!"

அவர் செருப்புச் சத்தம் தூரப் போனது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளி, கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பச்சை முத்திரை. எல்லாவற்றின் தலையிலும் பிஸ்மில்லா. அதற்குக் கீழே ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை.