அவள் செய்யாத முகம்

என் மனைவி ஜெயலக்ஷ்மி நாற்பத்தேழு பேரை மெழுகில் செய்து நிறுத்தியிருக்கிறாள். அந்த நாற்பத்தேழில் நான் இல்லை. வருஷக்கணக்காக எனக்கு இது ஒரு குறையாக இருந்தது. குறையில் பாதி கோபம்.

கல்யாணமான புதிதில் அவள் மெடிக்கல் காலேஜில் வேலை பார்த்தாள். மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக சிரங்கு, படை, அக்கி என்று ஒவ்வொரு வியாதிக்கும் மெழுகில் ஒரு கையோ காலோ செய்து கொடுப்பது அவள் வேலை. மயிலாப்பூரில் மாட்டுப்பெண் வேலைக்குப் போவதையே ஒரு மாதிரி பார்த்த காலம். இவள் போய் சிரங்கு செய்கிறாள் என்று எப்படி வெளியே சொல்வது? 'டிராயிங் டீச்சர்' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள் என் அம்மா. சாகும்வரை மாற்றிச் சொல்லவே இல்லை.

கையும் காலும் செய்தவள் மெல்ல முகத்துக்கு வந்தாள். ரிட்டையரானதும் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, 1991இல் மெழுகு மியூசியம் திறந்தாள். மெட்ராஸ் வெயிலில் மெழுகா என்று சிரிக்காத ஆளில்லை. நானும் சிரித்தேன். நாலு ஏ.ஸி. போட்டு, ஜன்னலையெல்லாம் அடைத்து, மாடவீதிப் பூக்காரி, பஸ் கண்டக்டர், வீணை வித்வான், ரிட்டையர்டு ஜட்ஜ் என்று வரிசையாக நிறுத்தினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டார்கள். ஒரு மாமி பக்தி முற்றிப்போய் வீணை வித்வானுக்குக் கற்பூரம் காட்டியதில் அவர் மூக்கு நுனி வழிந்து மேலுதட்டுக்கு வந்துவிட்டது. ஜெயா கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குப் புது மூக்கு வைத்துவிட்டு, அந்த மாமியை வரச்சொல்லி அவளையும் ஒரு சிலையாகச் செய்தாள்!

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். நான் வளர்ந்ததாகத் தெரியவில்லை. கேட்கும்போதெல்லாம், "உங்க மூஞ்சியை தினம் பார்த்துண்டுதானே இருக்கேன், அது போறாதா?" என்று தட்டிக்கழிப்பாள்.

1997 ஆகஸ்டில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். சுப்பராமனாகிய நான் அதுவரை சாவைப் பற்றி உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அன்றைக்கு யோசித்தேன். பயமாக இருந்தது. இத்தனை பேரைச் செய்தவளிடம் என் நினைவாக ஒரு கல்யாண போட்டோவும் ரேஷன் கார்டும்தான் மிஞ்சுமா என்று நினைத்தபோது பயத்தைவிட துக்கம் பெரிதாக இருந்தது.

"இப்பவாவது என்னைப் பண்ணு ஜெயா. ஏதாவது ஆயிட்டா உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன்."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, மியூசியத்துக்கு விடுமுறை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பொய் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து கோபாலபுரம் போனேன். பின்கட்டு அறையில் அஸ்மத்துன்னிசா ஒரு தலைக்கு முடி நட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முடியாக ஊசியால் மெழுகில் குத்தி நடவேண்டும். ஒரு தலைக்கு ஒரு மாதம் ஆகும். வடபழனி ஸ்டுடியோக்களில் விக் கட்டிக்கொண்டிருந்தவள். மியூசியம் தொடங்கிய நாளிலிருந்து ஜெயாவோடு இருக்கிறாள்.

"எனக்கு முக அச்சு எடுத்துக் குடு அஸ்மத். மிச்சத்தை மாமி அப்புறம் பார்த்துப்பா" என்றேன். அச்சு கையில் இருந்தால் மனசு மாறாமலா போகும் என்பது என் கணக்கு.

"ஐயோ சார், மாமி பண்ணும்போது பாத்துகீறேன், அவ்ளோதான். நான் எடுத்ததே இல்ல."

கெஞ்சினேன். உன் புருஷன் குலாம் ரசூல் ஆபரேஷனுக்குப் போனால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் கரைக்கப் போனாள்.

"மீசையை எடுத்துடுங்க சார். இல்லாங்காட்டி வாஸ்லின் நல்லா அப்பிக்கணும்."

முப்பத்தைந்து வருஷத்து மீசையை எடுப்பதாவது! வாஸ்லின் டப்பாவைத் திறந்தால் ஒரு பிசுபிசுப்பு, ஒரு வாசனை. எனக்கு இந்தக் கண்ராவியெல்லாம் ஆகாது. "எங்காத்துல எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய்தான். நீ கொண்டு வா" என்று அதட்டினேன். அவள் தலைக்கு வைத்திருந்த பாட்டிலைக் கொடுத்தாள். மீசைக்கும் புருவத்துக்கும் தாராளமாகத் தடவிக்கொண்டேன்.

மூக்கில் இரண்டு ஸ்ட்ரா. கண்ணை மூடச்சொல்லி, குளிர்ந்த பிளாஸ்டரை முகம் முழுக்க அப்பினாள். கொஞ்ச நேரத்தில் அது இறுகிச் சூடானது. இருபது நிமிஷம் கழித்து எடுக்கப் போனாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மேலுதடே கழன்று வருகிற மாதிரி வலித்தது. எண்ணெயை மீசை குடித்துவிட்டது, மீசையைப் பிளாஸ்டர் பிடித்துக்கொண்டது.

"யா அல்லா! சார், ஆடாதீங்க சார். உங்களுக்கு ஹார்ட்டு வேற..." அவள் ஓடுவதும் போன் சுழற்றுவதும் கேட்டது. "மாமி, சீக்கிரம் வா மாமி, சார் மூஞ்சி மாட்டிக்கிச்சு!"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம். நான் அதைக்கூடச் சொல்ல முடியாமல் வாய் மூடிக் கிடந்தேன். கும்மிருட்டு. என் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் காதில் கேட்டது. வியாழக்கிழமை வரை போகாது, இன்றைக்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பிறகு என் நெஞ்சின்மேல் ஒரு கை விழுந்தது. யார் கை என்று சொல்ல வேண்டுமா?

"நான் வந்துட்டேன். மூக்கால மெதுவா மூச்சு விடுங்கோ. ஒண்ணும் ஆகாது."

வெந்நீர் வைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சின்னக் கத்தரியை உள்ளே விட்டு, மீசையை முடி முடியாக வெட்டினாள். முக்கால் மணி நேரம். பாதிப் புருவமும் போயிற்று. வெளிச்சம் தெரிந்ததும் முதலில் பார்த்தது அவளை. பயத்தில் வெளுத்திருந்தாள். அடுத்த நொடி பிடித்தாள் ஒரு பிடி.

"அறுபது வயசுக்கு மேல புத்தி இப்படியா போகும்? தேங்காயெண்ணெயாம்! உங்களை வெச்சுண்டு நான்..." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, அச்சு மட்டும் சூப்பரா வந்துகீது" என்றாள் அஸ்மத், தயங்கித் தயங்கி. கையில் என் முகம் குழியாக இருந்தது, மீசையோடு.

ஜெயா அதை வாங்கினாள். உள்பக்கம் பார்க்கவில்லை. தரையில் கவிழ்த்து வைத்து, சுத்தியலால் மூன்று அடி அடித்தாள்.

"என்மேல அவ்வளவு வெறுப்பா ஜெயா?" என்றேன்.

"எங்கப்பாதான் நான் செஞ்ச முதல் முகம்" என்றாள் அவள். "அம்பது நாள் என் முன்னாடி உட்கார்ந்தார். ஒவ்வொரு சுருக்கமா பார்த்துப் பார்த்துப் பண்ணினேன். தத்ரூபம்னா எல்லாரும். ரெண்டு வருஷத்துல போயிட்டார். அன்னிலேர்ந்து கண்ணை மூடினா அந்த மெழுகு மூஞ்சிதான் வரது. அப்பா சிரிச்சா இடது கண்ணு முதல்ல மூடிக்கும்னு எனக்குத் தெரியும். தெரியறதே தவிர, பார்க்க முடியலை. என் கையாலயே அவரைத் தொலைச்சேன். உங்களையும் தொலைக்கணுமா?"

அஸ்மத்துன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்குப் பொம்மை வேண்டாம். நீங்க திரும்பி வரணும், அவ்வளவுதான்" என்றாள் ஜெயா. என் முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தாள். இவ்வளவு பெரிய ஆசையை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்திருக்கிறாள், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. சனிக்கிழமைதான் ஒருவர் மட்டும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார்கள். ஜெயா வந்தாள். கட்டில் ஓரமாக நின்று, மீசையில்லாத, அரைப் புருவ முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் ஸார், இந்தக் கட்டில்ல எங்காத்துக்காரர் இருக்கார்னாளே, நீங்க பார்த்தேளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சிரித்தால் உயிர் போகிறது.

"ஐயோ, சிரிக்காதீங்கோ, தையல் பிரிஞ்சுடும், சிரிக்காதீங்கோன்னா" என்று பதறினாள். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஆனால் என் சிரிப்பிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. வலி பொறுக்க முடியவில்லை. இருந்தாலும், அவள் பார்க்கிற வரைக்கும் நான் சிரித்தேன்.