மரத்துப்போன மூக்கு

வாசனைத் திரவிய ஆய்வகத்தில் அவளை எல்லோரும் மோப்பம் என்பார்கள். பெயர் வைத்தவள் எடைக்காரி. கலவைக்கு வேண்டியதைத் துளித்துளியாய் நிறுத்துத் தருபவள்.

மேசையில் வனிலா இருந்தது. வாடிக்கை நிறுவனம் கேட்டது தித்திப்புக் குறைந்த, மர வாசம் ஏறிய வனிலா. இரண்டு மாதிரிகள் போன வேகத்திலேயே திரும்பிவிட்டன.

"கேக் வாசம் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நீங்க மரக் கதவையே பெயர்த்து அனுப்பியிருக்கீங்க," என்றார் மேலாளர். "இதுவும் சொதப்பினா உங்களைப் பொதி கட்டுற பிரிவுக்கு மாத்திடுவாங்கம்மா. நானும் எவ்வளவுதான் முட்டுக் கொடுக்கிறது?"

"சரி," என்றாள் மோப்பம்.

கணவர் இறந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னபோதும் அவள் "சரி" என்றுதான் சொன்னாள். நாத்தனார் கல்நெஞ்சுக்காரி என்றதுகூடக் காதோடு போயிற்று.

தாள் நறுக்கைக் கலவையில் தோய்த்து முகர்ந்தாள். வனிலா இருந்தது, மரத்தைக் காணோம். முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து இழுத்தாள். வாசனைகள் குழம்பினால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தன் உடம்பு வாசம் தனக்குத் தெரியாது. மூக்கு அங்கே இளைப்பாறிக்கொள்ளும். மறுபடி முகர்ந்தாள்.

"தேவதாரு இன்னும் ரெண்டு துளி."

"அய்யோ அக்கா, எனக்கே மூக்கைத் துளைக்குது. உங்களுக்கு மூக்கு மரத்துப் போச்சா?" என்றாள் எடைக்காரி.

மோப்பம் அந்தச் சொல்லில் நின்றாள். குனிந்து தன் முழங்கையைப் பார்த்தாள். கணவரின் கம்பளிச் சட்டை. மர அறுவை ஆலைக்கு அவர் போட்டுப்போனது. அவர் போனதிலிருந்து இவள் போடுகிறாள், துவைக்காமல். மூக்கு இளைப்பாறியதெல்லாம் மரத்தூளில். அப்புறம் கலவையில் இருக்கும் மரம் அதற்கு எப்படித் தெரியும்?

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். சன்னலைத் திறந்து சற்று நின்றாள். வெறுங்கையை முகர்ந்தாள். பிறகு தாளை எடுத்தாள். மரம் முகத்தில் அறைந்தது.

"பாதியாக்கு," என்றாள்.

சாயங்காலம் மேலாளர் புதுத் தாளை மூக்கடியில் ஆட்டிப் பார்த்தார். "இதுதான்! கேக்கும் இல்ல, கதவும் இல்ல. பொதி கட்ட வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

எடைக்காரி கைதட்டினாள். மோப்பம் "சரி" என்றாள்.

அவர்கள் கிளம்பியபின் சட்டையை எடுத்து, ஒரு மாதிரியைப் பார்ப்பதுபோல நிதானமாக முகர்ந்தாள். பைன் தூள். கொஞ்சம் இயந்திர எண்ணெய். வேர்வையோ சோப்போ, அவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை முகரவில்லை.

வெளியே குளிராக இருந்தது. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு விளக்கை அணைத்தாள்.