கல்லில் செத்தவர், பெயரில் செத்தவள்

கோடை பிறந்தால் எங்கள் கடலோர ஊரான போர்ட்கேரிக்குக் கடற்காகங்களும் வம்சம் தேடுகிறவர்களும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடத்தை ஒன்றுதான். துறைமுகச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, யாராவது எதையாவது போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது. காகங்களுக்கு மீன்கடைக்காரர் இருக்கிறார். மற்றவர்களுக்கு எல்ஸ்பெத் ஃப்ளெட்.

எல்ஸ்பெத் என் பக்கத்து வீடு. நடுவில் ஒரே ஒரு கற்சுவர். அவள் வீட்டில் கெட்டில் கொதிப்பது எனக்குக் கேட்கும், நான் இருமுவது அவளுக்குக் கேட்கும். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சும்மா இருக்க முடியாமல் தேவாலயக் கூடத்தின் பின்னறையில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கனடா, ஆஸ்திரேலியா என்று கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வந்தால், அவர்களுடைய முன்னோர் யார், எந்த வீடு, எந்தக் கல்லறை என்று தேடிக் கொடுப்பாள். தர்ம காரியம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். இப்போது அந்த மேஜையைப் பார்த்தாலே அவளுக்கு முதுகு வலிக்கிறது.

“எல்லாருக்கும் கோட்டை வேணும் ஐனா,” என்பாள் என்னிடம். “எங்க கொள்ளுத்தாத்தா குலத்தலைவரா இருந்திருப்பாரோங்கிறாங்க. மீன் வயித்தைக் கீறிப் பொழைச்சவ பேரன்யா நீன்னு எப்படிச் சொல்றது?”

“அப்படியே சொல்லேன்.”

“சொன்னேன். ஒரு அம்மா அழுதுட்டா. அழுது முடிச்சுட்டு, கழிவறை எங்கேன்னு கேட்டா.”

தேடுவது சுலபமும் இல்லை. ஊரில் பாதிப் பேர் ஃப்ளெட், மீதிப் பாதி மெய்ர். ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரும் நாலைந்துதான். அதனால் ஒவ்வொரு ஃப்ளெட் குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தபால்காரர் முதல் பாதிரியார் வரை அதைச் சொல்லித்தான் ஆளைப் பிரிப்பார்கள். எல்ஸ்பெத்தின் குடும்பம் ‘ஷேவி’. ஒரு பட்டம் இரண்டு ஃப்ளெட் குடும்பத்துக்கு இருக்காது. இருந்தால் அப்புறம் பட்டம் எதற்கு? ஆனால் கப்பலேறிப் போனவர்கள் அதை இங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போன இடத்தில் ஒரே ஒரு ஃப்ளெட்தானே! நூறு வருஷம் கழித்துப் பேரன் வெறும் ஃப்ளெட்டாக வந்து நிற்கும்போது, எல்ஸ்பெத் தலையில் கையை வைத்துக்கொள்வாள்.

நியூஸிலாந்திலிருந்து வந்த டெஸ்மண்ட் ஃப்ளெட் அப்படி வந்தவர்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவருடைய தாத்தா அலெக் ஃப்ளெட், கம்பளி ஏற்றும் கப்பலில் அந்தக் கோடிக்குப் போய் இறங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். ஊர் போர்ட்கேரி. அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஒன்றே ஒன்றைத் தவிர: அலெக் தன் மூத்த மகளுக்கு ‘ஜெஸ்ஸி ஆன் பெய்ன்’ என்று முழுப்பெயராக வைத்திருந்தார். டெஸ்மண்டுக்கு அத்தை.

இதைக் கேட்டதும் எல்ஸ்பெத் தபால்முத்திரை குத்துகிற மாதிரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியை இழந்தவன் மறுபடி கல்யாணம் செய்தால், புது மனைவிக்குப் பிறக்கும் முதல் பெண்குழந்தைக்குச் செத்துப்போன முதல் மனைவியின் பெயரை, அவள் பிறந்தவீட்டுப் பெயரோடு சேர்த்து வைப்பான். புது மனைவியும் முகம் சுளிக்கமாட்டாள். ஆகவே டெஸ்மண்டின் தாத்தா, ஜெஸ்ஸி ஆன் பெய்ன் என்ற மனைவியைப் புதைத்துவிட்டுக் கப்பலேறியவர். அந்தப் பெயரில் இளவயதில் செத்த பெண்ணைத் தேடு!

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்ஸ்பெத்தின் சொந்தக் கொள்ளுப்பாட்டி பெயரும் ஜெஸ்ஸி ஆன் பெய்ன்தான். கொள்ளுத்தாத்தா பெயரும் அலெக். அவரும் கம்பளிக் கப்பலில் போனவர்தான். ஆனால் அவர் கடலில் செத்தவர். அவர் மனைவி கைக்குழந்தையோடு விதவையாக நின்று, எண்பதைத் தொடும்வரை வாழ்ந்தவள். அவளே சம்பாதித்து, ‘அலெக்சாண்டர் ஃப்ளெட், கடலில் மறைந்தார்’ என்று தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் கல் நட்டவள். இங்கே கணவர் செத்துவிட்டார், மனைவி சாகவில்லை; டெஸ்மண்டின் கதையில் நேர்மாறு. எப்படிப் பொருந்தும்?

“நம்ம ஊர்ல ஜெஸ்ஸி ஆன் பெய்ன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க,” என்று எல்ஸ்பெத் அடித்துச் சொன்னாள். முதல் தடவை வந்த டெஸ்மண்டை அடுத்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பி, யாரோ ஒரு ஜெஸ்ஸி ஆன் கல்லறையில் பூ வைத்து அழ வைத்தாள். இரண்டாம் தடவை, போன வருஷம் வைத்த பூ தப்பான இடம் என்று சொல்லி வேறொரு கல்லறைக்கு அனுப்பினாள். பாவம், அந்த மனுஷன் அங்கேயும் அழுதார்.

மூன்றாம் தடவையாக அவர் வந்தது இந்த ஆகஸ்ட் கடைசியில். எல்ஸ்பெத்துக்கு அது கெட்ட நேரம். செப்டம்பர் முதல் ஞாயிறு எங்கள் ஊரில் கடலில் போனவர்களுக்கான நாள். துறைமுகச் சுவரோரம் ஆராதனை நடக்கும். கடலுக்கு ஆளைக் கொடுத்த குடும்பங்கள் முன்வரிசை, மற்றவர்கள் பின்னால். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறிப் பாருங்கள் தெரியும். என் அப்பா உள்நாட்டிலிருந்து ரயில் வேலைக்கு வந்தவர். இங்கேயே பிறந்து, இங்கேயே பல் விழுந்து, நான் இன்னும் வந்தேறிதான். பின்வரிசைதான். எல்ஸ்பெத் பிறந்ததிலிருந்து முன்வரிசை.

அதுவும் இந்த வருஷம் புதுக் கருங்கல் நினைவுத்தூண் திறப்பு. எல்ஸ்பெத்தின் கொள்ளுத்தாத்தா அலெக் மீன்பிடிப் படகில் போகவில்லை, ஆகவே தூணில் அவர் பெயர் சேராது என்று தூண் குழுவின் தலைவர் லூயிஸ் மெய்ர் மறுத்துக்கொண்டிருந்தார். எல்ஸ்பெத் மூன்று குளிர்காலம் அவரோடு மல்லுக்கட்டி, கல்லறைத் தோட்டத்துக் கல்லைச் சாட்சியாகக் காட்டி ஜெயித்திருந்தாள். வெளியே சொல்லவில்லை. ஆனால் புதுக் கோட்டு வாங்கியிருந்தாள். சாம்பல் நிறம், நல்ல துணி. நான் பார்த்தேன்.

டெஸ்மண்டையும் அவளையும் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தான். விருந்தோம்பல் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். புகைபோட்ட மீனும் உருளைக்கிழங்கும் போட்டுச் சூப் வைத்திருந்தேன். டெஸ்மண்ட் இரண்டு கிண்ணம் குடித்தார். எல்ஸ்பெத் கரண்டியைக் கிண்ணத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இதுதான் கடைசித் தடவை,” என்றார் டெஸ்மண்ட். “இனிமே விமானத்துல அவ்வளவு நேரம் உட்கார முழங்கால் விடாது. கிடைக்கலேன்னா கிடைக்கலே. உங்களையும் ரொம்பப் படுத்திட்டேன்.”

“உங்க தாத்தாவும் மீன் பிடிச்சாரா அங்கே?” என்று நான் கேட்டேன். பேச்சு அறுந்துவிடக்கூடாதே என்று.

“ஞாயிறு தவிர எல்லா நாளும். சின்னப் படகு ஒண்ணு வெச்சிருந்தார். ஷேவின்னு பேரு. அப்படீன்னா என்னன்னு எங்க யாருக்கும் தெரியாது. கேட்டா பதில் சொல்லமாட்டாராம்.”

நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை அப்படியே வைத்தேன்.

எல்ஸ்பெத் எழுந்து, யாரும் குடித்து முடிக்காத தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவினாள். அப்புறம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். “நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

“இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?” என்றேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட வெகு சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இரண்டு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள். தலைகூட வாரவில்லை.

“கண்டுபிடிச்சிருப்பியே.”

“என்னத்தை?”

“நடிக்காதே. உன் மூக்கு சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கே வந்துடும்.”

நாற்காலியில் சாய்ந்தாள். ஊரார் வம்சத்தையெல்லாம் பிரித்து மேய்ந்தவளுக்குத் தன் வீட்டு வாசல் தெரியவில்லை. அலெக் சாகவில்லை. அங்கே போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, மனைவி செத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். சொன்னதை நம்ப வைக்க, ஊர் வழக்கப்படி முதல் பெண்ணுக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார். அங்கே அவர் ஒரு ஞானஸ்நானத்தில் ஜெஸ்ஸி ஆனைச் சாகடித்தார், இங்கே ஜெஸ்ஸி ஆன் ஒரு கல்லில் அவரைச் சாகடித்தாள்.

“டெஸ்மண்ட் உனக்குச் சித்தப்பா முறை வேணும்,” என்றேன். “உன்னைவிட வயசுல சின்னவர். எழுந்து நின்னு மரியாதை பண்ணச் சொல்லப்போறதில்ல, பயப்படாதே.”

அவள் சிரிக்கவில்லை. “கல்கொத்தர் வியாழக்கிழமை வர்றார். நான் பேசாம இருந்தா யாருக்குத் தெரியும்? டெஸ்மண்ட் ஊருக்குப் போயிடுவார். பேரு தூண்ல ஏறிடும். நான் செத்தா அதுக்கப்புறம் ஷேவின்னு ஒருத்தரும் இல்ல.”

“எனக்குத் தெரியுமே.”

“அதான் பிரச்சினை,” என்று கண்ணை மூடிக்கொண்டாள். “அந்தக் கிழவிய நினைச்சுப் பாரு ஐனா. கடைசிவரைக்கும் அவர் செத்துட்டார்னு நம்பிக் கறுப்புத் துணி கட்டினா. இப்போ நான் போய், புருஷன் அவளை விட்டுட்டு ஓடிட்டான்னு ஊருக்குச் சொல்லணுமா?”

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து ஊர்க்கதைகள் மட்டும்தான், அதில் ஒன்று தொண்டைவரை வந்துவிட்டது.

“உங்க கொள்ளுப்பாட்டி அந்த ஞாயித்துக்கிழமை ஒருதடவைகூடத் துறைமுகத்துக்கு வந்ததில்லை. தெரியுமா?”

“தெரியும். துக்கம் தாங்காதுன்னு வரமாட்டாங்க.”

“எங்கம்மா சின்னப் பொண்ணா இருக்கிறப்போ, பின்வரிசைல நின்னு சலிச்சுப்போய்த் திரும்பிப் பார்ப்பாளாம். மேட்டுல உங்க வீடு தெரியும். ஜெஸ்ஸி ஆன் கொல்லைல துணி காயப்போட்டுட்டு இருப்பாளாம்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஞாயித்துக்கிழமை. ஆராதனை நேரத்துல. வருஷா வருஷம்.”

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பட்டன் தைத்தாலே பாதிரியார் வீடு தேடி வருவார். எல்ஸ்பெத் என் மேஜைவிரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். பிறகு, “அவளுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள். “எல்லாம் தெரிஞ்சுதான் கல் நட்டிருக்கா.”

மறுநாள் டெஸ்மண்டைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். நானும் தற்செயலாக அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் கல்லைப் படித்தார், எல்ஸ்பெத் சொன்னதைக் கேட்டார். இந்தத் தடவை அழவில்லை. சரியான கல்லுக்கு வந்து சேர்ந்தபோது கண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

“தாத்தா அத்தையை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை,” என்றார். “பாப்பா, பாப்பான்னுதான். அத்தைக்கு அறுபது வயசுவரைக்கும் எல்லாரும் அப்படித்தான்.” கல்லைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி நின்றார். “நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை எல்ஸ்பெத். தாத்தா பேரு தூண்ல ஏறட்டும்.”

“வேண்டாம்.”

“எனக்காகவா?”

“எனக்காக. ஊருக்கெல்லாம் உண்மையைத் தேடிக் குடுத்தே ஓஞ்சுபோயிட்டேன். என் வீட்டுப் பொய்யைத் தூண்ல வெட்டி, அதுக்கு வருஷா வருஷம் பூ வேற வைக்க எனக்குத் தெம்பில்லை.”

லூயிஸ் மெய்ரிடம் அவள் போய்ச் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தாராம். “மூணு குளிர்காலம் என் காதைத் தின்னியேம்மா! இப்போ எடுன்னா?”

“எடு.”

“ஏன்னு கேட்டா என்ன சொல்றது?”

“ஐனாகிட்டக் கேட்டுக்கச் சொல்லு,” என்றாளாம். இது எனக்குக் கௌரவமா அவமானமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்துக்கொண்டே ஏழெட்டு வீட்டில் சொல்லியும் முடித்துவிட்டேன். ஜெஸ்ஸி ஆன் துணி காயப்போட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஓடிப்போனவன் கதையைவிட அதைத்தான் எல்லாரும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்தது. தூணின்மேல் போட்ட துணியை நாலுபேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில், எப்போதும் எல்ஸ்பெத் நிற்கிற இடத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளியை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நின்றார்கள். கதை தெரிந்தும் பழக்கம் விடவில்லை. அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். பழைய கோட்டு. பின்னால் டெஸ்மண்ட், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். அந்த இடைவெளியை அவள் பார்த்தாள், தாண்டி வந்தாள், என் பக்கத்தில் நின்றாள். டெஸ்மண்ட் அவளுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

லூயிஸ் பெயர்களைப் படித்தார். ஃப்ளெட், ஃப்ளெட், ஃப்ளெட் என்று போய்க்கொண்டே இருந்தது. அலெக்சாண்டர்கள் வந்தார்கள், போனார்கள். எல்ஸ்பெத் எட்டிப் பார்த்தாள்.

“இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே ஐனா. எல்லாம் தொப்பிதான் தெரியுது.”

“எழுபது வருஷமா அதைத்தானே சொல்றேன். யார் கேட்டீங்க?”

கடைசிப் பாட்டு தொடங்கும்போது கடல்பக்கம் வானம் கறுத்தது. எல்ஸ்பெத் அதைப் பார்த்துவிட்டு டெஸ்மண்டின் கையைப் பிடித்தாள்.

“வாங்க சித்தப்பா, போலாம். கொல்லைல துணி போட்டுட்டு வந்திருக்கேன்.”

முன்வரிசையில் இரண்டு தொப்பிகள் திரும்பின. அவள் நிற்கவில்லை. அவர் முழங்காலுக்கு ஏற்றபடி மெதுவாகத்தான் நடந்தாள். மேட்டில் அவள் வீட்டுக் கயிற்றில் இரண்டு படுக்கை விரிப்புகளும் அந்தப் புதுச் சாம்பல் கோட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. கோட்டை எதற்குத் துவைத்தாள்? ஒருநாள்கூடப் போடவில்லையே! நாளைக்குக் கேட்கவேண்டும்.